மலையைத் தின்றவர்கள்

எந்த நாடு, எந்த ராஜா என்று கேட்காதீர்கள். முன்னொரு காலத்தில் நடந்தது. ஆண்டுதோறும் பட்டாபிஷேக நாளன்று ராஜா மலையுச்சி மண்டபத்துக்கு ஏறிப் போவார். அவருடைய கொள்ளுப்பாட்டனார் கட்டிய மண்டபம் அது. அந்த வருஷம் முதல் படியில் வைக்கப் போன கால் எட்டவில்லை. படிக்குக் கீழே ஒரு முழ உயரத்துக்கு அஸ்திவாரக் கல் தெரிந்தது.

"நம் மலையில் ஒரு முழத்தை எவனோ திருடிவிட்டான்," என்றார் ராஜா.

அரசவை விகடன் இடும்பன் சும்மா இருந்திருக்கலாம். அவனுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. "குறைந்தது மலையா, மகாராஜாவின் காலா என்று முதலில் பார்க்க வேண்டும்," என்றான். தளவாய் சூரப்பருக்கு அது போதும். மலைகளைக் காவடி கட்டித் தூக்கியவன் பெயரை வைத்திருக்கும் இவன்மேல்தான் சந்தேகம் என்று போட்டுக்கொடுத்தார். மூன்று நாளில் திருடனைச் சபையில் நிறுத்தாவிட்டால் இடும்பன் தலை போகும், களவில் பங்கு வாங்கியவன் எவனானாலும் அவன் தலையும் போகும் என்று ராஜா ஆணையிட்டார். பங்கு விஷயத்தைச் சேர்க்கச் சொன்னதும் தளவாய்தான்.

ஒரு குடம் தண்ணீர் தூக்கினாலே இடும்பனுக்கு மூச்சு வாங்கும். முதல் நாள் மலைமேல் உட்கார்ந்து, போகப்போகிற தலையைத் தடவித் தடவி அழுதான். அதிலும் முடியெல்லாம் கொட்டி வெறும் பாறைதான் மிச்சம். இரண்டாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. மண்டபத்தடியிலிருந்து செம்மண் கரைந்து ஓடுவதைப் பார்த்தவன், அதன் பின்னாலேயே வழுக்கி விழுந்து இறங்கினான். தண்ணீர் அடிவாரத்து வயல்களில் போய்ப் பரவியது. அங்கே வரப்போரப் பள்ளத்தில் அதே செம்மண், மழைக்கொரு படலமாக அடுக்கடுக்காகப் படிந்திருந்தது.

மூன்றாம் நாள் சபையில் ஒரு கண்ணாடிக் குடுவையை வைத்தான். மேலே தெளிந்த நீர், அடியில் செம்மண்.

"திருடன் இந்த மழைத் தண்ணீர்தான், மகாராஜா. கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன். பொருள் போய்ச் சேர்ந்த இடம் அடிவாரத்து வயல்."

"அது யாருடையது?"

"தளவாயுடையது."

ராஜா வாளைப் பார்த்தார்.

"அவசரம் வேண்டாம், மகாராஜா. அந்த நெல்தான் அரண்மனைக்கு வருகிறது. தாங்களும் உண்டிருக்கிறீர்கள். ஆனால் எல்லோரையும்விடப் பெரிய குற்றவாளி நான்." இடும்பன் தன் தொப்பையைத் தட்டிக் காட்டினான். "காணாமல் போன முழம் இதோ. அளந்து பார்க்கச் சொல்லுங்கள்."

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் சரிந்தது. எல்லோர் தலையும் தப்பியது. தளவாய் தம் செலவில் மண்டபத்துக்கு ஒரு படி கட்ட வேண்டியதாயிற்று. இடும்பனுக்கு அந்த வயலில் பாதி கிடைத்தது. அவனும் வீட்டுக்குப் போய், மலையில் இன்னொரு பிடியைக் குழம்பு ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டான்.