வானத்தைத் தாங்கிய ஆள்காட்டி

டமார்!

செங்கமலம் முட்டையை விட்டு வெளியே வந்த அன்று கேட்ட சத்தம் அது. வெறும் கோடை இடிதான். ஆனால் பிறந்து ஒரு பொழுதுகூட ஆகாத ஆள்காட்டிப் பறவைக் குஞ்சுக்கு இடி என்றால் என்ன தெரியும்? வானம் பிளந்துவிட்டது என்று நினைத்தாள். பயத்தில் மல்லாந்து விழுந்து, இரண்டு கால்களையும் மேலே தூக்கினாள். இடி நின்றது. வானம் விழவில்லை.

"அப்படியானால் நான்தான் தாங்கிப் பிடித்திருக்கிறேன்!" என்று முடிவு கட்டிவிட்டாள்.

அன்றிலிருந்து அதுவே அவள் வேலை. ஏரிக்கரைக் கூழாங்கற்களுக்கு நடுவே மல்லாந்து படுப்பாள். குச்சி போன்ற மஞ்சள் கால்கள் இரண்டும் வானத்துக்கு முட்டுக் கொடுத்து நிற்கும். வளர்ந்து ஜோடி சேர்ந்த பிறகு, அவள் இரை தேட எழுந்தால் கணவன் தாண்டவன் அந்த இடத்தில் படுக்க வேண்டும். முறை தவறக் கூடாது.

"இம்மாம்பெரிய வானத்துக்கு இத்தனூண்டு காலா, அக்கா?" என்று எருமை முதுகில் சவாரி செய்யும் கொக்கு கேலி பேசும்.

"சிரிக்காதே! நான் காலை மடக்கினால் முதலில் நசுங்குவது நீதான். உயரத்தில் உட்கார்ந்திருக்கிறாய்!"

கொக்கு தன்னையறியாமல் ஒருமுறை மேலே பார்த்துக்கொள்ளும்.

"அது சரி, நீ பிறப்பதற்கு முன்னால் யார் பிடித்தார்களாம்?"

"யாரோ பிடித்திருப்பார்கள். பாவம், அவர்களுக்கும் முதுகு வலித்திருக்கும்!"

ஒரு சித்திரையில் அவள் நான்கு முட்டைகள் இட்டாள். கூடு என்று ஒன்றும் கிடையாது. வெட்டவெளியில், கற்களுக்கு நடுவே ஒரு சின்னக் குழி. உச்சி வெயிலில் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டைகள்மேல் உட்கார வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் உயிர் வெந்துபோகும். முட்டைக்கு ஒருவர், வானத்துக்கு ஒருவர் என்று இருவரும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டார்கள்.

ஒரு நாள் காலையில் நாய் ஒன்று மோப்பம் பிடித்துக்கொண்டு வந்தது. தாண்டவன் இறக்கை ஒடிந்ததுபோல் நடித்து, அதை ஏரியின் அக்கரைவரை தன் பின்னாலேயே இழுத்துக்கொண்டு போனான். போனவன் திரும்பவில்லை.

வெயில் ஏறியது.

"என்னங்க! எங்கே இருக்கீங்க?" என்று படுத்தபடியே கத்தினாள் செங்கமலம். அலகை நீட்டி ஒரு முட்டையைத் தொட்டுப் பார்த்தாள். சுட்டது.

"அக்கா! எழுந்து முட்டையைப் பாரேன்!" கொக்கு இப்போது சிரிக்கவில்லை.

"எழுந்தால் வானம் விழுமே! முட்டையும் அதன் அடியில்தானே இருக்கிறது?"

"எழாவிட்டால் வெந்துபோகுமே!"

செங்கமலம் வானத்தையும் முட்டைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். தன்னால் முடியாது என்பது வாழ்நாளில் முதல் முறையாக அவளுக்குத் தெரிந்தது. வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

"கடவுளே!" என்றாள். "இந்த வானத்தை நீ என்னிடம் கொடுத்ததாக ஞாபகம் இல்லை. நானாகத்தான் எடுத்துக்கொண்டேன். இதோ, உன்னிடமே விடுகிறேன். விழுந்தாலும் சரி, நின்றாலும் சரி, நீயே பார்த்துக்கொள். என் பிள்ளைகள் வெயிலில் கிடக்கிறார்கள். நான் போக வேண்டும்."

கண்களை இறுக மூடிக்கொண்டு வலது காலை மடக்கினாள். காத்திருந்தாள். இடது காலையும் மடக்கினாள்.

எருமை அசைபோடும் சத்தம் மட்டும் கேட்டது.

அவ்வளவுதான், பறந்தாள்! ஏரித் தண்ணீரில் வயிற்றை முக்கினாள், சொட்டச் சொட்ட வந்து முட்டைகள்மேல் உட்கார்ந்தாள். தலைக்கு மேலே என்ன நடக்கிறது என்று ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. உடம்பு இறகாகிவிட்டதுபோல் அத்தனை லேசாக இருந்தது.

சாயங்காலம் தாண்டவன் நொண்டிக்கொண்டே வந்து சேர்ந்தான். நாய் அவன் காலைக் கவ்வியிருந்தது. முட்டைமேல் இருந்த மனைவியைப் பார்த்தான்.

"வானம் என்ன ஆச்சு?" என்று மெதுவாகக் கேட்டான்.

"கடவுளிடம் கொடுத்துவிட்டேன்."

"நல்லதாப் போச்சு! ஒன்று சொல்கிறேன், கோபிக்காதே. என் முறை வரும்போதெல்லாம் நான் காலைத் தரையில் நீட்டித் தூங்கிவிடுவேன்."

"அட பாவி!" என்று செங்கமலம் சிரித்த சிரிப்பில் கொக்கு எருமையை விட்டே பறந்துவிட்டது.

மூன்று முட்டைகள் பொரிந்தன. ஒன்று பொரியவில்லை. அதன் அருகில் அவள் வெகுநேரம் நின்றாள். பிறகு அதையும் கடவுளிடமே விட்டுவிட்டு, குஞ்சுகளுக்குப் பூச்சி பிடிக்கப் போனாள்.

தன்னால் ஆகாததைக் கடவுளிடம் ஒப்படைத்தவருக்கே மனம் ஆறும். தன்னால் ஆவதைச் செய்யக் கையும் கிடைக்கும்.

தாண்டவனின் நொண்டல் மட்டும் கடைசிவரை சரியாகவில்லை.