நாக்கு அழுகிரும்

மலையடிவாரத்துல உலகம்மா மடம் இருந்துச்சு. அங்க சீடப்புள்ளைகள்ல மூத்தவரு கொம்பையா. மீசை மட்டும் ஒரு மொழம். இத்தனை வருசத்துல குரு உலகம்மாகிட்ட ஒரு கேள்வி கேட்டதில்ல. அவரு மண்டை உண்டியல் மாதிரி. எவன் எதைப் போட்டாலும் உள்ள போயிரும், செல்லாத காசான்னு பாக்குத பழக்கமே கெடையாது.

சாயங்காலம் ஊர்ப்புள்ளைகளுக்கு மடத்துல பாட்டும் சோறும் உண்டு. பாட்டு சொல்லிக் குடுக்கது கொம்பையா.

ஆடி வெள்ளிக்கு மடத்துப் பின்னால இருக்க புத்துல அவரு பால் ஊத்துனாரு. சாயங்காலம் புள்ளைகளை ஒக்கார வச்சிப் பெருமையடிச்சாரு.

"நாகராசா ஒரு சொட்டு விடாமக் குடிச்சிட்டாரு, பாத்தியளா?"

முப்புடாதின்னு ஒரு சின்னப்புள்ள எந்திரிச்சுது.

"நான் பாத்தேன் மாமா. அங்கனயேதான் ஒக்காந்திருந்தேன். எறும்புதான் வந்துச்சு."

"சாமியவே வேவு பாத்தியாட்டி? போ, ஒன் நாக்கு அழுகிரும்!"

அன்னைக்கி மூடுன வாயி. அந்தப் புள்ள பேசல, திங்கல. சோத்துத் தட்டைக் கவுத்து வச்சி, அதோட முதுகுல கண்ணாடி பாக்க மாதிரி நாக்கை நீட்டி நீட்டிப் பாத்துக்கிட்டே கெடந்துச்சு. மறுநாளும் அப்படித்தான். அவ அம்மைக்காரி புள்ளையத் தூக்கிட்டு அழுதுக்கிட்டே மடத்துக்கு ஓடியாந்தா.

நடந்ததைக் கேட்ட உலகம்மா மொகம் மொளகா வத்தலா ஆயிட்டு.

"ஏல கொம்பையா!"

"தாயே."

"நாக்கு அழுகிரும்னியாம்லா. எவன் நாக்கு அழுகி நீ பாத்த?"

"பாத்ததில்ல தாயே. பெரியவுக சொல்லுவாக."

"எந்தப் பெரியவுக?"

"எங்க தாத்தா."

"அவுக பாத்தாகளா?"

"அவுகளுக்கு அவுக தாத்தா சொன்னாக."

"அப்போ ஒங்க வம்சத்துல கண்ணே கெடையாதா? எல்லாத்துக்கும் காது மட்டுந்தானா?"

கொம்பையா மீசையத் தடவுனாரு.

"மீசையத் தடவாத, புடுங்கிப்போடுவேன்! ஒரு புள்ள கண்ணால கண்டதைச் சொல்லிட்டுப் பட்டினி கெடக்கு. நீ காணாததைச் சொல்லிட்டு மூணு வேளையும் முழுங்குத. நட புத்துக்கு!"

உச்சி வெயிலு. ஒரு கையில பால் சொம்பு, இன்னொரு கையில முப்புடாதி. உலகம்மா நடந்த நடைக்கிக் கொம்பையாவும் அம்மைக்காரியும் ஓட வேண்டியதாப் போச்சு. புத்துல சொம்போட ஊத்துனாக.

"ஒக்காரு. நாகராசா வந்து குடிச்சதும் எந்திரி."

கொம்பையா ஒக்காந்தாரு. புள்ளையும் கொஞ்சம் தள்ளி ஒக்காந்துச்சு.

நாகராசா வரல. அவரு படை மட்டும் வந்துச்சு, கட்டெறும்பா.

"தாயே, கடிக்கி!"

"யாரு கடிக்கா?"

"எறும்பு."

"எறும்பா? நாகராசால்லா குடிச்சாருன்னு சொன்ன?"

வெயிலு சாஞ்சிட்டு. கொம்பையா தொடை ரெண்டும் பணியாரம் மாதிரி வீங்கிட்டு. புத்துல பால் ஈரங்கூட இல்ல.

"என்னல பாத்த? அந்தப் புள்ளைக்குக் கேக்க மாதிரிச் சொல்லு."

"பாம்பு வரல தாயே. எறும்புதான் வந்துச்சு."

"இப்போ நாக்கை நீட்டு."

"தாயே?"

"நீட்டுல! அவ சொன்னதைத்தான நீயும் சொல்லிருக்க."

கொம்பையாவுக்கு வேர்த்துட்டு. ஒத்தைக் கண்ணை மூடிக்கிட்டு மெள்ள நாக்கை நீட்டுனாரு. முப்புடாதி எந்திரிச்சி கிட்ட வந்துச்சு. மொத இந்தப் பக்கம் பாத்துச்சு, பொறவு அந்தப் பக்கம் பாத்துச்சு. அவரு மீசையத் தூக்கிக்கூடப் பாத்துச்சு.

"அழுகல. வெத்தலக் கறைதான் இருக்கு."

அவ அம்மைக்காரி பொத்துன வாயோட அப்படியே தரையில ஒக்காந்துட்டா.

புள்ளைக்கி வாயி தெறந்ததும் தெறந்துச்சு, நிக்கல.

"ஆத்தா, பாம்புக்குப் பால் புடிக்காதா? இல்ல, இந்தப் புத்துல பாம்பே இல்லியா?"

"எனக்கு என்னட்டி தெரியும்? மொத சோறு தின்னு. தின்னுட்டு, எப்படிக் கண்டுபுடிக்கலாம்னு வந்து சொல்லு."

முப்புடாதி தட்டை நிமுத்தி வைக்க வீட்டுக்கு ஓடுச்சு.

கொம்பையா நெடுஞ்சாண்கிடையா உலகம்மா கால்ல விழுந்தாரு.

"புத்தி வந்துட்டு தாயே. இனிமே எந்தப் பெரியவுக சொன்னாலும் கேக்க மாட்டேன். நீங்க சொல்லுததை மட்டும் அப்படியே நம்புவேன்."

அதுவரைக்கும் வந்தது ஒரு கோவமே இல்ல. உலகம்மா கையில இருந்த சொம்பைத் தரையில ஓங்கி அடிச்சாக. அது நசுங்கி உருண்டு போச்சு.

"எந்திரில!"

எந்திரிச்சாரு.

உலகம்மா ஆன்னு வாயைத் தெறந்து, அவரு மூக்குக்கு நேரா நாக்கை நீட்டுனாக.

"அப்போ என் நாக்கை எவன்ல பாக்குதது?"