ராயர் விரல் பட்ட பானைகள்

மல்லியூர் அரண்மனை அதிரசம் கப்பலேறிக் கடல் தாண்டினாலும் மெத்தென்றே இருக்கும். ஆனால் அது கப்பலேற வேண்டுமென்றால் துறைமுக வணிகர் சங்கத்தின் முத்திரை வேண்டும். 'இந்த மடைப்பள்ளி சுத்தமானது' என்று சொல்லும் முத்திரை அது.

அந்த ஆண்டு சங்கம் விதியை மாற்றிவிட்டது. தூதன் சபைக்கு வந்து சொன்னான்.

"மகாராஜா, இனிப் பானை சுத்தமா என்று மட்டும் பார்த்தால் போதாது. பானைக்குள் அழுக்கு எந்த வழியாக வரக்கூடும் என்றும் பார்க்க வேண்டும். முதலில் நீங்களே அப்படிச் சோதித்துக்கொள்ளுங்கள். பௌர்ணமிக்கு எங்கள் ஆட்கள் வருவார்கள்."

வீரகேது மகாராஜா அனந்தப்ப ராயரைப் பார்த்தார். மடைப்பள்ளியைச் சோதிக்கும் அதிகாரம் ராயருடையது. அவர் மகாராணியின் அண்ணன் வேறு.

ராயர் சோதனைக்கு வருவதே ஒரு திருவிழா. குதிரையில் வந்து இறங்குவார். ஒவ்வொரு பானைக்குள்ளும் கட்டைவிரலை விட்டு ஒரு சுற்றுத் தேய்ப்பார். விரலை முகர்ந்து பார்ப்பார். "சுத்தம்!" என்பார். உடனே சேவகன் பானைக் கழுத்தில் வெள்ளை நூல் கட்டுவான்.

"என் பாட்டனார் காலத்து முறை இது. இதில் மாற்ற என்ன இருக்கிறது?" என்றார் ராயர். "போன மாத விருந்தில் வணிகர்களுக்கு வயிற்றைக் கலக்கியது என்றால், அது சமையல்காரி அங்கம்மையின் குற்றம். அவளை மாற்றுங்கள், போதும்."

சபையின் ஓரத்தில் நின்ற கண்டியப்பனுக்குச் சுருக்கென்றது. சபையைச் சிரிக்க வைப்பது அவன் வேலை. அங்கம்மையின் சோற்றைத் தின்று வளர்ந்தது அவன் தொப்பை.

"மகாராஜா, அங்கம்மைமேல் தவறில்லை. சோதனை முறையில்தான்..."

"நிறுத்து!" அரசர் குரலைத் தாழ்த்தினார். "மச்சானைக் குறை சொன்னால் இன்றைக்கு எனக்கு அந்தப்புரத்தில் சோறு கிடைக்காது. அங்கம்மையைக் காப்பாற்ற நாளை ஒரு நாள் தருகிறேன். ஆனால் ராயரைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லக்கூடாது. சொன்னால் அவளோடு நீயும் மூட்டை கட்ட வேண்டியதுதான்."

கண்டியப்பன் நேரே மடைப்பள்ளிக்குப் போனான். அங்கம்மை பானையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் எவ்வளவுய்யா தேய்க்கிறது? பூசின ஈயமே கழண்டு வந்துடும்போல இருக்கு. என்னைத் தொரத்தினா நான் எங்க போவேன்?"

"எங்கேயும் போக வேண்டாம் அக்கா. நாளைக்குக் கொஞ்சம் தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீர் எடுத்து வை."

"வெத்தலை போடுற நேரமாய்யா இது?"

"ஆரத்தி எடுக்கிற நேரம்" என்று சிரித்துக்கொண்டே அவன் குதிரை லாயத்தின் பக்கம் நடந்தான்.

மறுநாள் காலை ராயர் வந்தார். மஞ்சள் பட்டுச் சுற்றிய கடிவாளத்தைச் சேவகனிடம் வீசினார். அரசரும் சபையும் பார்த்துக்கொண்டிருக்க, பானை பானையாக விரலை விட்டார். "சுத்தம்! சுத்தம்!" நூல்மேல் நூல் ஏறியது. ஒரு பானையில் மட்டும் பால் கொதித்துக்கொண்டிருந்தது. அதன் பக்கம் போன விரல் சட்டென்று திரும்பி வந்துவிட்டது.

"எங்கே உன் திறமை?" என்றார் அரசர்.

"திறமை எல்லாம் ராயருடையது மகாராஜா. இப்படிச் சோதித்த பானைகளுக்கு ஆரத்தி எடுக்காமல் விடலாமா?"

கண்டியப்பன் சுண்ணாம்புத் தண்ணீரைப் பானைகளுக்குள் தெளித்தான்.

வெள்ளி போல மின்னிய பானைகளின் உள்ளே, சொல்லி வைத்தாற்போல் சிவப்புக் கோடுகள் பூத்தன. விரல் படாத பால் பானையைத் தவிர, மற்ற பானை ஒன்று பாக்கியில்லை. எல்லாம் கட்டைவிரல் அகலம்.

"சூழ்ச்சி! எவனோ பானையில் மஞ்சளைத் தடவியிருக்கிறான்!" என்று கத்தினார் ராயர்.

"மஞ்சள் தடவியது நான்தான்" என்று கண்டியப்பன் பணிவாகச் சொன்னான். "ஆனால் பானையில் இல்லை. தங்கள் குதிரையின் கடிவாளத்தில். அங்கிருந்து இவ்வளவு தூரம், ஒரு பானையைக்கூட விடாமல், அதைக் கொண்டுவந்து சேர்த்த பெருமை தங்களையே சேரும்."

அங்கம்மை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அரசர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் முகம் மெல்ல மாறியது.

"கண்டியப்பா... மஞ்சள் தடவாத நாட்களில் அந்தக் கடிவாளத்தில் என்ன இருந்தது?"

வாசலில் குதிரை கனைத்தது.

அரசர் வயிற்றைத் தடவிக்கொண்டார். "போன மாதம் எனக்கும்தானே இரண்டு நாள் வயிறு சரியில்லை. மகாராணிக்கும்தான்!" இதைச் சொன்ன பிறகு அவருக்குத் தெம்பு வந்துவிட்டது. மகாராணியிடம் சொல்ல இதைவிட நல்ல காரணம் வேண்டுமா?

"ராயரே, இனிச் சோதனை பானையில் தொடங்க வேண்டாம். வாசலில் தொடங்கட்டும். உள்ளே வருகிற ஒவ்வொரு கையும் கழுவப்பட வேண்டும். முதல் கை உம்முடையது. அங்கம்மை அவள் இடத்திலேயே இருப்பாள்."

"நான் குறை எதுவும் சொல்லவில்லையே, மகாராஜா?" என்றான் கண்டியப்பன்.

"ஒரு வார்த்தைகூட இல்லை!" அரசர் இப்போதுதான் விழுந்து விழுந்து சிரித்தார். "பிழைத்தாய், போ! உனக்குப் பரிசாக ஒரு முத்துமாலை உண்டு. அது பௌர்ணமிக்கு, முத்திரை வந்த பிறகு. இப்போதைக்கு அங்கம்மையின் அதிரசம் ஒரு தட்டு. ராயரே, நீரே உம் கையால் கொடும்."

ராயர் பல்லைக் கடித்துக்கொண்டு ஓர் அதிரசத்தை எடுத்து நீட்டினார். கண்டியப்பன் கை நீட்டவில்லை. இரு கைகளையும் கூப்பினான்.

"தங்கள் கையால் சாப்பிடுவது என் பாக்கியம் ராயரே. அந்தப் பாக்கியத்தைக் கொஞ்சம் கழுவித் தாருங்கள்."