கிணற்றில் விழாத சிங்கம்

கொற்றையூர் அரசன் உக்கிரசேனனுக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். கோபம் இறங்கிவிட்டால் ஆள் தங்கம்தான். இறங்கும்வரை பக்கத்தில் இருப்பவர் பாடுதான் திண்டாட்டம்.

அவன் மகள் தேமொழிக்கு எட்டு வயது. பள்ளிக்கூடம் போகவில்லை. அரசி செண்பகவல்லியே அந்தப்புரத்தில் வைத்துப் பாடம் சொல்லிக்கொடுத்தாள். பாடம் என்ன பெரிய பாடம்! நரி, நண்டு, கொக்கு என்று ஏதாவது ஒரு கதையை ஒரே தடவை சொல்வாள். மகள் அதைக் கேட்டுவிட்டுத் தன் சொந்த வார்த்தையில் ஓலையில் எழுத வேண்டும். அவ்வளவுதான்.

இது அரசவைப் பண்டிதர் கங்காதரருக்குப் பொறுக்கவில்லை. ஊர்ப் பெரிய மனிதர்களின் பிள்ளைகளெல்லாம் ஆற்றுக்கு அக்கரையில் அவருடைய பாடசாலையிலேயே தங்கி மனப்பாடம் செய்துகொண்டிருக்க, அரசன் மகள் மட்டும் வீட்டிலா? எப்படியோ அவளுடைய ஓலை ஒன்றைக் கைப்பற்றிக்கொண்டு அரசனிடம் போனார்.

"பாருங்கள் மகாராஜா! ஏட்டில், 'ஆதலின் கொக்கு மாண்டது' என்று இருக்கிறது. இளவரசியார், 'கொக்குக்கு நன்றாக வேண்டும்' என்று எழுதியிருக்கிறார்!"

அரசனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"நாளைக்குச் சபையில் பரீட்சை! ஒரே கதையை உம்முடைய மாணவர்களும் எழுதட்டும், இவளும் எழுதட்டும். தவறினால் அன்றைக்கே அக்கரைக்கு அனுப்புகிறேன். படிப்பு முடிகிறவரை அங்கேயே கிடக்கட்டும்."

அரசி அழுதே விட்டாள். பெற்ற மனம் அல்லவா! சபையில் குறும்புக்குப் பேர்போன மருதப்பனைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

"மருதப்பா, நாளைக்குக் கதை சொல்லப்போவது நீதானாம். என் குழந்தையை என்னிடமிருந்து பிரிக்காமல் பார்த்துக்கொள்."

"தாயே, குழந்தைக்குக் காது கேட்கும் அல்லவா? அது போதும்."

மறுநாள் சபை கூடியது. ஒரு பக்கம் பாடசாலை மாணவர்கள். எதிரே தேமொழி தனியாக. மருதப்பன் எழுந்தான்.

"இது சிங்கமும் முயலும் கதை. நான் சொல்கிறபடிதான் எழுத வேண்டும். காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்."

"எங்களுக்குத் தெரியாத கதையா!" என்று பண்டிதர் சிரித்தார்.

"ஒரு காட்டில் ஒரு சிங்கம் இருந்தது. அதன் பெயர் உக்கிரசேனன்."

அரசன் மீசையை முறுக்கிக்கொண்டான். "பெயரைப் பெரிதாகப் போடுங்கள்!" என்று பண்டிதர் மாணவர்களின் காதைக் கடித்தார். எழுத்தாணிகள் கிறீச்சிட்டன. முதலில் எழுதி முடிப்பவனுக்கு எள்ளுருண்டை கொடுப்பது அந்தப் பாடசாலை வழக்கம். ஆகவே முயல் கிளம்புவதற்குள் எல்லாரும் கதையையே முடித்துவிட்டார்கள். தேமொழி மட்டும் எழுத்தாணியை மடியில் போட்டுவிட்டு வாயைப் பிளந்து கேட்டாள்.

மருதப்பன் சொல்லிக்கொண்டே போனான். "சிங்கம் கிணற்றை எட்டிப் பார்த்தது. அந்த வருஷம் மழை இல்லை. கிணற்றில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. உள்ளே வேறு சிங்கம் எப்படித் தெரியும்? முயல் வெடவெடவென்று நடுங்கியது. சிங்கம் முதலில் உறுமியது. பிறகு யோசித்தது. 'போ, வீட்டிலேயே இரு' என்று முயலை அனுப்பிவிட்டது. முடிந்தது கதை."

தேமொழி குனிந்து எழுதத் தொடங்கினாள்.

பண்டிதருக்கு அதற்குள் அவசரம். மாணவர்களின் ஓலைகளை வாங்கிப் பிழை தேடிக்கொண்டிருந்தவர் கதை முடிந்ததும் துள்ளி எழுந்தார். "மகாராஜா, பன்னிரண்டு ஓலையும் ஒன்றுபோல இருக்கின்றன! ஓர் எழுத்துகூட மாறவில்லை! கேளுங்கள்!" என்று கணீரென்று வாசித்தார். "உக்கிரசேனன் என்னும் அம்மூடச் சிங்கம், தன் நிழலையே பகைவன் என எண்ணிக் கிணற்றில் பாய்ந்து, நீர் குடித்து... வயிறு ஊதி... மாண்டு..."

குரல் தேய்ந்து தொண்டைக்குள் போய்விட்டது.

"யார் மாண்டது?" என்று அரசன் கர்ஜித்தான்.

மருதப்பன் பணிவாகச் சொன்னான்: "தாங்கள்தான் அரசே. நான் பத்திரமாகக் கரையிலேயே நிறுத்திவைத்திருந்தேன். பாடசாலையே ஒன்றுகூடிப் பிடித்துத் தள்ளிவிட்டது."

சபை சிரிப்பை அடக்கப் பட்ட பாடு இருக்கிறதே! அரசன் சிவந்த முகத்தோடு மகள் பக்கம் கையை நீட்டினான். "நீ என்ன எழுதினாய்? வாசி!"

தேமொழி பயப்படாமல் வாசித்தாள். "கிணற்றில் தண்ணீர் இல்லை. அதனால் சிங்கம் சாகவில்லை. சிங்கம் எங்கள் அப்பா மாதிரி. முதலில் காது கிழியக் கத்தியது. அப்புறம் முயலைப் பார்த்துப் பாவப்பட்டது. முயல் வீட்டுக்குப் போய் அம்மா பக்கத்தில் படுத்துக்கொண்டது."

முங்குகிறவனுக்குத் துரும்பு கிடைத்த மாதிரி பண்டிதர் பாய்ந்தார். "மகாராஜா! அப்பா மாதிரி என்றும், காது கிழியக் கத்தியது என்றும் மருதப்பன் சொல்லவே இல்லையே! இதெல்லாம் எங்கிருந்து வந்தது?"

"நான் சொல்லவில்லைதான் ஐயா," என்றான் மருதப்பன். "என்ன செய்வது? வீட்டிலேயே இருந்து படிக்கிற பிள்ளை. வீட்டில் படித்ததையும் சேர்த்து எழுதிவிட்டது."

அரசன் கிரீடம் நழுவி மடியில் விழும்வரை சிரித்தான். மகளை வாரி எடுத்து அரசியின் கையிலேயே கொடுத்தான்.