பாலின் சூட்டைச் சொல்ல வந்த கைகள்

ஒரு வீட்டுச் சமையலறை மேடையில், அகலமான எவர்சில்வர் பாத்திரத்துக்குள், பால் என்றொருத்தி இருந்தாள். அவளுக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்று: தயிராக வேண்டும்.

நியாயமாகப் பார்த்தால் அதற்குத் தடையே இருந்திருக்கக் கூடாது. காய்ந்தாயிற்று, ஆறியாயிற்று. பக்கத்துக் கிண்ணத்தில் உறைமோர் இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு தயாராக இருந்தாள். ஆனால் அந்த வீட்டில் ஒரு வழக்கம். வலக்கையும் இடக்கையும் தொட்டுப் பார்த்து, "பதம் சரி" என்று இரண்டும் ஒன்றாகச் சொன்னால்தான் உறை ஊற்றலாம்.

அன்று காலையிலிருந்து இரண்டும் ஒன்றாகச் சொன்னபாடில்லை. ஒருவர் பேச்சைக் கேட்டு அடுப்பு, இன்னொருவர் பேச்சைக் கேட்டு ஃப்ரிட்ஜ் என்று பால் அலைந்து ஓய்ந்துவிட்டாள்.

"இன்னொரு தடவை உன்னை அடுப்புல ஏத்தினா நீ திரிஞ்சுதான்டி போவே," என்று உறைமோர் எச்சரித்திருந்தாள். திரிந்த பாலுக்கு அந்த வீட்டில் போக்கிடம் ஒன்றுதான். பாத்திரம் கழுவும் தொட்டியின் ஓட்டை.

கைகள் மறுபடியும் வந்தார்கள். வலக்கை அதுவரை வெந்நீரில் எண்ணெய்ப் பிசுக்குப் பாத்திரங்களை அலசிக்கொண்டிருந்தவர். இடக்கை ஐஸ் தட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவர். பந்தியில் இடமில்லாத இடக்கைக்கும், பாலைக் குறை சொல்ல மட்டும் எப்போதும் இடமிருந்தது. ஆளுக்கொரு விரலை உள்ளே விட்டார்கள். விட்ட வேகத்தில் எடுத்தார்கள்.

"ஜில்லுன்னு கெடக்கா. உசிரே இல்ல. இவளா தயிராகப் போறா? அடுப்புல ஏத்து!" என்றார் வலக்கை.

"என்னது, ஜில்லுன்னா? என் விரல் பொத்துப்போச்சு! இவ்வளவு திமிரோட இருக்கறவகிட்ட உறைமோரை ஊத்தினா அது வெந்துதான் போகும். ஃப்ரிட்ஜுல தூக்கி வை!" என்றார் இடக்கை.

முதல் இரண்டு தடவையும் பால் தனக்குள் மறுகியிருந்தாள். நம்மிடம் சூடு போதவில்லையோ, ஒருவேளை அதிகமாகக் கொதித்துவிட்டோமோ என்று. இந்தத் தடவை மறுகவில்லை. மேலே படரத் தொடங்கியிருந்த ஆடை மெல்ல அதிர்ந்தது.

"ஐயா, ஒரே நேரத்துல நான் ஜில்லுன்னும் இருந்து சுடவும் செய்யணும்னா, இங்க ரெண்டு பால் இருக்கணும். இருக்கறது ஒருத்திதான். அப்போ கோளாறு என்கிட்டயா, உங்ககிட்டயா?"

"கேள்வி வேற கேக்கறா பாரு," என்றார்கள் இருவரும். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர்களுக்குள் ஒற்றுமை வந்துவிட்டது.

"கேப்பேன். எனக்கு அளவு வேணும். வெப்பமானியைக் கூப்பிடுங்க."

"நாங்க இருக்கறப்போ அளவா? நாங்கதான்டி அளவு!"

அவர்கள் கூப்பிடவில்லை. உறைமோர் போட்ட சத்தத்தில், சுவர் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்த வெப்பமானியே இறங்கி வந்துவிட்டது. ஒல்லியான கண்ணாடி வீடு அது. அதில் இரண்டு சகோதரிகள் குடியிருந்தார்கள். ஒரு பக்கச் சுவரில் மூத்தவள் ஃபாரன்ஹீட், எதிர்ச்சுவரில் இளையவள் செல்சியஸ். நடுக்கூடத்தில் ஏறி இறங்கும் சிவப்புத் திரவத்தைப் பார்த்து அது நிற்கும் படியைச் சொல்வதுதான் இருவருக்கும் வேலை.

வெப்பமானி பாலுக்குள் இறங்கியது. சகோதரிகள் இருவரும் சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன, வாயடைச்சுப் போச்சா?" என்றார் வலக்கை.

"பொறுங்க," என்றாள் செல்சியஸ். "தொட்ட உடனே தீர்ப்புச் சொல்ல நாங்க என்ன விரலா? இவ சூடு எங்களுக்கும் ஏறணும். இவளும் நாங்களும் ஒரே நிலைக்கு வரணும். அதுக்கப்புறந்தான் வாயைத் திறப்போம்."

சிவப்பு ஏறியது. தயங்கியது. நின்றது.

"நாப்பது," என்றாள் இளையவள்.

"நூத்தி நாலு," என்றாள் மூத்தவள்.

கைகள் ஒருவரையொருவர் தட்டிக்கொண்டு சிரித்தார்கள். "ஒரே வீட்டுக்குள்ள இருந்துக்கிட்டு ஒருத்தி நாப்பதுங்கறா, ஒருத்தி நூத்தி நாலுங்கறா! இவளுங்க நம்ம சண்டையைத் தீர்க்க வந்துட்டாளுங்க!"

பாலுக்கு அடுப்புப் பக்கம் பார்வை போனது. பிறகு மூத்தவளிடம் திரும்பினாள்.

"அக்கா, ஐஸ் உருகறப்போ நீங்க என்ன சொல்வீங்க?"

"முப்பத்திரண்டு."

"சின்னக்கா, நீங்க?"

"பூஜ்யம்."

"தண்ணி கொதிக்கறப்போ?"

"இருநூத்திப் பன்னெண்டு." "நூறு."

"என்னைக்காவது மாத்திச் சொன்னதுண்டா?"

"எதுக்கு மாத்தணும்?" என்றாள் ஃபாரன்ஹீட். "அவ தரையில இருந்து எண்ணுவா, நான் கொஞ்சம் கீழேயிருந்தே எண்ண ஆரம்பிச்சுடுவேன். அவ அஞ்சு படி வைக்கிற உயரத்துல நான் ஒம்பது படி வைப்பேன். ஆனா ரெண்டு பேரும் போய் நிக்கிற மாடி ஒண்ணுதான்."

பால் கைகளைப் பார்த்தாள். "கேட்டீங்களா? இவங்க ரெண்டு எண்ணைச் சொல்லி ஒரே உண்மையைச் சொல்றாங்க. நீங்க ஒரே பாலைத் தொட்டுட்டு ரெண்டு கதை சொல்றீங்க. நீங்க சொன்னது என் சூட்டையே இல்ல. நீங்க எங்கே இருந்துட்டு வந்தீங்கங்கறதை."

"இதுக்கு ஆதாரம்?" என்றார் இடக்கை.

"அதோ, அந்த வாளியில குழாய்த் தண்ணி இருக்கு. ரெண்டு பேரும் அதுல போய்க் கொஞ்சம் உட்காருங்க."

"அடியே, அதுக்குள்ள நீ ஆறிப்போயிடுவே!" என்று பதறினாள் உறைமோர்.

"ஆறினா ஆறட்டும். இவங்க வாயாலயே சொல்லாம இன்னைக்கு நான் விடப் போறதில்ல."

ஒரு தட்டு அவசரமாக நகர்ந்து வந்து, வெப்பமானிக்கு இடம் விட்டு, பாலை மூடிக்கொண்டது. கைகள் வாளிக்குள் இறங்கினார்கள்.

"ஐயோ, ஐஸு!" என்று கத்தினார் வலக்கை.

"ஐஸா? கொதிக்குதுய்யா!" என்றார் இடக்கை.

சொல்லிவிட்டு இருவரும் திகைத்துப்போய் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒரே வாளி. ஒரே தண்ணீர். பால் அங்கே இல்லவே இல்லை.

"முப்பத்தொம்பது," என்றாள் தட்டுக்கு அடியிலிருந்து இளையவள். "நூத்தி ரெண்டும் சொச்சமும்," என்றாள் மூத்தவள். இறங்கும்போதும் சேர்ந்தே இறங்கினார்கள்.

உறைமோர் கிண்ணத்துக்குள் இருப்புக்கொள்ளாமல் தவித்தாள். வாளியில் முனகல் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது.

"இப்போ தண்ணி எப்படி?" என்று கேட்டாள் பால்.

"சும்மா தண்ணிதான்," என்றார் இடக்கை, தரையைப் பார்த்துக்கொண்டு.

"ஆமா," என்றார் வலக்கை. இடக்கை சொன்னதற்கு அவர் அன்று முதல் தடவையாக ஆமாம் போட்டார்.

"அப்போ வந்து தொடுங்க."

வந்தார்கள். தொட்டார்கள். இந்தத் தடவை எடுக்க அவசரப்படவில்லை.

"வெதுவெதுன்னு இருக்கு," என்றார்கள் இருவரும் ஒரே மூச்சில். "பதம் சரி."

"இதுக்குத்தான்டி உட்கார்ந்திருந்தேன்!" என்று உறைமோர் கிண்ணத்திலிருந்து குதித்தே விட்டாள்.

"நான் அப்பவே நெனச்சேன், பொண்ணு நல்ல பதம்னு," என்றார் வலக்கை. "நீயா நெனச்சே? நானில்ல நெனச்சேன்!" என்றார் இடக்கை. அதற்குள் பாலுக்கு உள்ளே வேலை தொடங்கிவிட்டது.

சாயங்காலம் கைகள் வந்தார்கள். பழக்கம் விடுமா? உறைந்துவிட்டாளா என்று சோதிக்க, பாத்திரத்தை ஒருவர் இந்தப் பக்கம் சாய்த்தார், ஒருவர் அந்தப் பக்கம் சாய்த்தார்.

பாத்திரம்தான் சாய்ந்தது. அவள் அசையவில்லை.