ஒச்சம்மா பூட்ஸ்ல ஒட்டுன மண்ணு

ம் கொட்டிக்கிட்டே கேக்கணும் செவ்வந்தி. நீ நிறுத்துனா பெரியம்மாவும் நிறுத்திருவேன்.

ஒரு ஊர்ல ஒரு வாழைத்தோப்புக்காரன் இருந்தான். தவசின்னு பேரு. ஒரே பொண்ணு, ஒச்சம்மா. உரமும் மருந்தும் கொட்டி மண்ணைச் சாகடிக்காம வெள்ளாமை பண்றது எப்படின்னு படிக்க, அந்தப் புள்ள கடல் தாண்டிப் போச்சு. அங்க வருசம் பூரா மழை. ஒரு வாழை எலையைப் பறிச்சா ரெண்டு பேரு நனையாம நிக்கலாம்.

"ம்."

அந்தத் தேசத்துல தோட்டத்து வாசல்ல எல்லாம் மருந்துத்தண்ணித் தொட்டி இருக்கும். பூட்ஸ் காலை சளக்கு சளக்குன்னு முக்கிட்டுத்தான் உள்ள போகணும். ஏன்னா அங்க மண்ணுக்குள்ள வாழையைக் கொல்ற நோய் ஒண்ணு இருக்கு. அதுக்குக் கண்ணு இல்ல, வாயி இல்ல. நகக்கண்ணு மண்ணு போதும், முப்பது வருசம் சாகாமக் கெடக்கும். ஒச்சம்மா ஒரு நா கூட முக்காமப் போனதில்ல.

அப்புறம் படிப்பு முடிஞ்சு வந்தா. ஏரோப்ளேன் விட்டு எறங்குனதும் ஆபீசர் கேட்டாரு, "தோட்டத்துக்குள்ள போனியாம்மா? மண்ணு கிண்ணு இருக்கா?"ன்னு. வீட்டுக்குப் போற அவசரம் அவளுக்கு. "இல்ல சார்"னுட்டா. அடியில மண்ணு ஒட்டுன பூட்ஸ் பெட்டிக்குள்ளதான் இருந்துச்சு.

அப்போ நம்ம பக்கமும் நல்ல மழை. தவசி தோப்புல நின்னுக்கிட்டு, "தாயி! வா தாயி!"ன்னு கூப்பிட்டான். பூட்ஸை எடுத்து மாட்டிக்கிட்டு சதக்கு சதக்குன்னு ஓடுனா அப்பங்கிட்ட. அங்க தொட்டியும் இல்ல, கேக்க ஆளும் இல்ல.

"ம்."

மக வந்த சந்தோசத்துல தவசி, தை மாசம் பக்கக்கன்னு எடுத்து மூணு வீட்டுக்குச் சும்மாவே குடுத்தான். பங்குனியில தோப்புல எலை மஞ்சளாச்சு. அப்புறம் ஒடிஞ்சு தொங்குச்சு. அப்புறம் அடித்தண்டு டப்புனு பொளந்துச்சு. ஒச்சம்மா தண்டை அறுத்துப் பாத்தா, உள்ள செகப்புச் செகப்பாக் கோடு. அப்படியே உக்காந்துட்டா, பாவி மக.

"நாந்தாம்ப்பா கொண்டாந்தேன். கன்னு வாங்குன வீட்டுக்கெல்லாம் சொல்லணும்."

"வாயைத் தொறக்காத தாயி. ஊரு உன்னைக் கொன்னு போட்டுரும்."

சொல்லாம விட்டா வாய்க்காத் தண்ணியில ஊர்த்தோப்பு அம்புட்டுக்கும் பரவிரும். அதனால தன் தோப்பை வெட்டி எரிச்சு, தண்ணி வெளிய போகாம வரப்பைக் கட்டிட்டுப் போனா.

மொத வீட்டுல அழுதாங்க. அழுதுக்கிட்டே கன்னைத் தோண்டி எரிச்சாங்க. ரெண்டாவது வீட்டுல மண்ணை வாரித் தூத்துனாங்க. ஆனா எரிச்சாங்க. மூணாவது வீட்டுல, "என் கன்னு பச்சைப்பசேல்னு நிக்கிது. வெளிநாடு போயிட்டு வந்த திமிரு, போடி"ன்னு கதவை டமார்னு சாத்தியாச்சு. டொக்கு டொக்குன்னு தட்டுனா. பொழுது சாயுற வரைக்கும் தட்டுனா.

"ம்."

"என்ன பெரியம்மா நிறுத்திட்டீங்க? அப்புறம்?"

அப்புறம் என்ன. கார்த்திகை மழைக்கு அந்த வீட்டு வயல் தண்ணி வாய்க்கால்ல எறங்குச்சு. அடுத்த வருசம் ஊர்த்தோப்பு மொத்தமும் மடமடன்னு விழுந்துச்சு. சனம் திரண்டு வந்து தவசி வீட்டு மேல கல்லெறிஞ்சுச்சு. தவசி படுத்தவன் எந்திரிக்கல. அப்பனுக்குக் கொள்ளி வச்ச கையோட ஒச்சம்மா ஊரை விட்டே போயிட்டா. பழி பூரா அவ மேல. கதவு சாத்துனதைப் பத்தி யாரும் கேக்கல.

"அந்த மூணாவது வீடு யாரு வீடு?"

நம்ம வீடு. சாத்துனது நாந்தான். இதுவரைக்கும் ஊர்ல ஒருத்தர்கிட்டயும் சொல்லல.

கதை அம்புட்டுத்தான் செவ்வந்தி. எனக்குத் தூக்கம் வராது, நீ தூங்கு.