ஆதன் மறைத்த விரிசல்

முன்பு ஒரு நாட்டில், ஏரி வெட்டுவதையே பெரிய வேலையாகக் கொண்ட அரசன் ஒருவன் ஆண்டான். அவன் நாட்டில் ஆதன், சாத்தன் என்ற இரண்டு தச்சர்கள் அடுத்தடுத்த வீடுகளில் குடியிருந்தார்கள்.

ஒரு கோடையில் சாத்தன் தன் மகளின் ஊருக்குப் புறப்பட்டான். போகும்போது அவனுடைய இழைப்புளியை ஆதன் இரவல் கேட்டான். பலகையை இழைத்து வழவழப்பாக்கும் அந்தக் கருவியைச் சாத்தனுக்கு அவன் மாமனார் செய்து கொடுத்திருந்தார். அதை அவன் யாரிடமும் கொடுத்ததில்லை. ஆதனிடம் கொடுத்தான்.

ஆதன் அதை வைத்து ஒரு கட்டில் செய்தான். வேலை முடிந்ததும் கூரை ஓரத்தில் செருகி வைத்தான். பிறகு மறந்தே போனான். மழைக்காலம் முழுவதும் அது நனைந்தது.

அந்த மழையில் பெரிய ஏரியின் மதகுக் கதவு இற்றுப்போனது. கதவு பிய்த்துக்கொண்டால் கீழே உள்ள வயல்கள் அத்தனையும் முழுகிவிடும். மதகுக் கதவு செய்வதில் சாத்தன்தான் கைதேர்ந்தவன் என்பதால், புதுக் கதவு செய்ய அவனுக்கு அரசன் ஆள் அனுப்பினான். மூன்று நாளில் வந்து சேருவதாகச் சாத்தன் சொல்லி அனுப்பினான்.

அப்போதுதான் ஆதனுக்கு இழைப்புளி நினைவு வந்தது. ஓடிப்போய் எடுத்தான். அலகு துருவேறிக் கிடந்தது. அலகை இறுக்கும் ஆப்பைக் கறையான் தின்றிருந்தது. அடிப்பக்கம் கோணிவிட்டது. அலகு நுழையும் வாயின் ஓரத்தில் மெல்லிய விரிசலும் ஓடியிருந்தது.

முதல் நாள் செங்கல் பொடியும் எண்ணெயும் போட்டு அலகைத் தேய்த்தான். பிறகு கல்லில் தீட்டிக் கூராக்கினான். இரண்டாம் நாள் புளியமரத்தில் புது ஆப்பு செதுக்கினான். அடிப்பக்கத்தை மணற்கல்லில் உரசிச் சமமாக்கினான். மூன்றாம் நாள் விரிசல் மட்டும்தான் மிச்சம்.

அதற்கு மரம் ஒட்டும் வஜ்ஜிரப் பசையைப் பூசி, குறுக்கே மர ஆணி அடிக்க வேண்டும். பசை காய ஒரு முழுநாள் ஆகும். தழும்பும் தெரியும். ஆதன் அரக்கையும் மரத்தூளையும் குழைத்து விரிசலில் அடைத்தான். மேலே எண்ணெய் தடவினான். அவன் கண்ணுக்கே விரிசல் தெரியவில்லை.

மாலையில் சாத்தன் வந்தான். இழைப்புளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"கொடுத்ததைவிட நன்றாக வைத்திருக்கிறாய், ஆதா. நாளைக்கு ஏரிக்கரையில் இதுதான் எனக்குக் கை" என்றான்.

ஆதன் தப்பித்துவிட்டான். ஆனால் சாத்தன் படி இறங்கும்போது ஆதன் ஏரியை நினைத்தான். நாளைக்குப் பாதி வேலையில் அது பிளந்தால்? பலகைகள் ஒட்டாமல் கதவு ஒழுகினால்?

"சாத்தா, நில்லு" என்றான். "அதை நான் மழையில் நனைய விட்டுவிட்டேன். வாய் ஓரத்தில் விரிசல் இருக்கிறது. அரக்கு வைத்து மறைத்திருக்கிறேன்."

சாத்தன் திரும்பி வந்தான். சுத்தியை எடுத்து ஆப்பின் மேல் ஒரு தட்டுத் தட்டினான். அரக்கு பொலபொலவென்று உதிர்ந்தது. விரிசல் ஒரு விரல் நீளம் வாயைத் திறந்தது.

அதில் விரலை வைத்துப் பார்த்தான்.

"எனக்குக் கோபம்தான்" என்றான் சாத்தன். "ஆனால் இது நாளைக்கு ஏரிக்கரையில் திறந்திருந்தால் என்ன செய்திருப்பேன்? பசையைக் காய்ச்சு. ஆணியை நான் சீவுகிறேன்."

ஒருநாள் தாமதமாகும் என்று அரண்மனைக்குச் சொல்லி அனுப்பினார்கள். அதுவரை ஏரிக் காவலர்கள் மதகை வைக்கோலும் களிமண்ணும் வைத்து அடைத்துத் தாங்கிக்கொண்டார்கள். பசை காய்ந்ததும் இருவருமாகப் பலகைகளை இழைத்தார்கள். சாத்தன் தள்ளினான். ஆதன் பலகையைப் பிடித்துக்கொண்டான்.

பலகைகளைச் சேர்த்துக் கதவாக்கி மதகில் இறக்கினார்கள். ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை.

ஆதன் கரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். சாத்தன் தன் சோற்று மூட்டையை அவிழ்த்து அவனுக்கும் பாதி வைத்தான். நாலு நாளைக்குப் பிறகு அன்றுதான் ஆதனுக்குச் சோறு இறங்கியது.

ஆகையால் கேட்டவர்களே, செய்த பிழையை மறைப்பவன் அதைத் தனியாகச் சுமக்கிறான். சொல்லிவிடுபவனுக்கோ அதைச் சரிசெய்ய இன்னொரு கை கிடைக்கிறது.